மேற்படி

ஐயா,

வணக்கம். எங்களுக்குப் பிள்ளை பிறந்து மூன்று கிழமை ஆகிறது. பதிவுப் படிவத்தில் பெற்றோரின் 'இனம்' என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். என் அப்பா, அம்மா மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். கொழுந்துக் கூடையைத் தொட்டதுகூட இல்லை. என் பிறப்பு அத்தாட்சியில் 'இந்தியத் தமிழர்' என்றிருக்கிறது. மனைவி யாழ்ப்பாணம். "பேசாமல் இலங்கைத் தமிழர் என்று போடுங்கள், பிள்ளைக்குப் பிறகு கரைச்சல் இராது" என்கிறார். 'மலையகத் தமிழர்' என்று போட எனக்கு உரிமை உண்டா? 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்பது கொஞ்சம் நாகரிகமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் 'இலங்கையர்' என்று எழுதினால் சண்டை தீர்ந்தது என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., கொழும்பு 6

அன்புள்ள க.,

முதலில் வாழ்த்து. தாயும் பிள்ளையும் நலம்தானே?

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இப்போதெல்லாம் நான் பதில் போடுவதில்லை. ஆனால் போன மாதம் பழைய தகரப்பெட்டி ஒன்றைக் கிளறியபோது, நான் வாத்தியாராக இருந்த காலத்துக் கொப்பி ஒன்று கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து ஒரு சொல் மண்டையைக் குடைகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் அலுவலக நண்பர்களை விடுங்கள். நல்ல பிள்ளைகள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இலங்கையர் ஆவது எல்லோருக்கும் சுலபம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போதும் அவர்களுக்கு அப்படியே இருந்தால் எனக்கும் சம்மதம்.

உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்களே, அது என்ன கேள்வி? தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டில் வேரூன்றிய சனத்தின் பெயர் அது. கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து கொடுக்கிற பெயரா? 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன சனத்துக்கு அங்கே மலையா இருந்தது? உங்கள் அப்பாவின் கையை வாங்கிப் பாருங்கள். கவாத்துக் கத்தி பிடித்த கை எத்தனை வருடம் கொழும்பில் இருந்தாலும் தெரியும். உங்களுக்கு அது போதாதா?

மனைவியோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொல்வது பயத்தில் வருகிற பேச்சு, பயத்துக்குக் காரணமும் உண்டு. 1946 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம். 'இலங்கைத் தமிழர்' அதைவிடக் குறைவு. 2012இல் நாம் நூற்றுக்கு நாலு பேர்தான், இலங்கைத் தமிழர் பதினொரு பேர். இடையில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964இல் உட்கார்ந்து நம்மைத் தலைக்கணக்கில் பங்கு போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கப்பலேறிப் போனவர்கள் போக, இங்கேயே இருந்துகொண்டு படிவத்தில் மட்டும் கூடு மாறியவர்களும் நிறையப் பேர். அவர்களை நான் ஏசமாட்டேன். பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்க வேண்டும், காணி உறுதி கிடைக்க வேண்டும், மனிதர் என்ன செய்வார்கள்!

ஆனால் 'வம்சாவளி' நாகரிகமாக இருக்கிறது என்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் கோபம் வருகிறது. தம்பி, நீங்கள் பட்டதாரி. எந்தச் சொல் எந்தச் சந்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன சொன்னது? நீ இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்தவன் என்று காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. காட்டினால் நீ வம்சாவளிப் பிரஜை. கோப்பித் தோட்டத்துக் குடிசையில் பிறந்த பூட்டனுக்கு யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம், வாக்குரிமை பறிபோனதால், 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாமல் போனது. பிறகு மனுப்போட்டு, விசாரணைக்கு அலைந்து, கொஞ்சம் பேர் 'பதிவுப் பிரஜை' ஆனார்கள். வேலை விண்ணப்பங்களில் கேட்பார்கள்: நீர் வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா? இரண்டாவதன் கீழ் கோடு போடும்போது கை கொஞ்சம் கூசும். எனக்குக் கூசியிருக்கிறது.

ஆக, உனக்கு வம்சாவளி கிடையாது என்று சொல்லித்தான் நம்மை வெளியே தள்ளினார்கள். இப்போது அதே சொல்லின் முன்னால் 'இந்திய' என்று ஒட்டி மரியாதையாக நீட்டுகிறார்கள், நீங்களும் நாகரிகம் என்று வாங்கிக்கொள்கிறீர்கள்! இந்த நாட்டில் வேறு யாருக்கு இந்த வால் இருக்கிறது? பறங்கியரை யாராவது ஒல்லாந்த வம்சாவளி இலங்கையர் என்கிறார்களா? தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா பிறந்தது மலாயாவின் ஈப்போவில். அவரை யாரும் எந்த வம்சாவளி என்று கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. (நம் பிரஜாவுரிமைக்காகத்தான் அவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் கட்சியை விட்டுப் பிரிந்தார். அதை உங்கள் மனைவிக்கு நினைவுபடுத்துங்கள், சந்தோஷப்படுவார்.)

"1939இல் நம்மவர்களே 'இலங்கை இந்தியக் காங்கிரஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்களே" என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். வைத்தார்கள்தான். அன்றைக்கு டில்லி கைகொடுக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் வயது அந்தப் பெயரின் வயது, அவ்வளவுதான்.

பெயர் பிரிப்பது அரசாங்கத்துக்கு ஏதோ இயற்கை விதி என்று எண்ணாதீர்கள். 1911இலிருந்துதான் குடிசன மதிப்பீட்டில் தமிழரை இரண்டாகப் போட்டார்கள். சிங்களவரையும் அப்படித்தான், கண்டிச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர் என்று 1971 வரை தனித்தனியாக எண்ணினார்கள். 1981இல் அந்தக் கோடு சத்தமில்லாமல் போய்விட்டது. ஒரு ஊர்வலம் இல்லை, ஒரு மகஜர் இல்லை. வேண்டாம் என்று நினைத்தால் ஒரே அச்சடிப்பில் அழிக்கலாம். நம்முடைய கோட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆயுள்?

சரி, கொப்பிக்கு வருகிறேன். ஏசுவதற்கு முன்னால் என்னையும் சொல்ல வேண்டும்.

1979 தைமாதம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர், பிறந்த திகதி, சமயம், இனம். முதல் பிள்ளைக்கு 'இந்தியத் தமிழ்' என்று எழுதினேன். அதற்குக் கீழே இருபத்தாறு பிள்ளைகளுக்கும் இரண்டு சிறு கோடு. மேற்படி, மேற்படி, மேற்படி. ஒரு பிள்ளையையும் நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

ஒரு தகப்பன் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். மழைச் சாக்கு தலையில். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர், ஆனால் கொப்பியைத் தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மொதப் புள்ளைக்கு எழுத்து இருக்கு. எம் மகளுக்கு மட்டும் என்னங்க ரெண்டு கோடு?"

"அது மேற்படி. மேலே எழுதினதுதான் இங்கேயும்னு அர்த்தம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதையும் அரைநாளுக்கு அரைப்பேர் போடுவதையும் பேரையே வெட்டுவதையும் தினம் பார்க்கிற மனிதர்.

"அப்ப மேல இருக்கிற புள்ளய வெட்டிட்டா எம் மகளும் வெட்டுப்பட்டுருமா?"

எனக்கு இருபத்துமூன்று வயது. சிரித்துவிட்டேன். அப்படியெல்லாம் ஆகாது, போங்க, மலைக்கு நேரமாச்சு என்று விரட்டினேன். அவர் போகவில்லை. கடைசியில், அவரை அனுப்புவதற்காக, அந்த இரண்டு கோட்டை அழித்துவிட்டு அவர் மகளுக்கு மட்டும் முழுதாக எழுதினேன். என்ன எழுதினேன்? 'இந்தியத் தமிழ்' என்றுதான். அவரைக் கேட்டா எழுதினேன்?

அந்தப் பட்டியலின் பிரதிதான் பெட்டியில் கிடைத்தது. பதினோராவது வரியில் ரப்பர் தேய்த்த இடம் இன்னும் பழுப்பாகத் தெரிகிறது.

உங்கள் கேள்வி என்ன? படிவம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலையகத் தமிழர் என்று எழுதச் சொல்வேன். பதிவாளர் முணுமுணுத்தால் கொஞ்ச நேரம் மேசைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். மனைவியின் இடத்தில் மனைவி சொல்வதை எழுதட்டும். 42 நாள் தவணை இருக்கிறது, ஆறப்போடாதீர்கள்.

அப்புறம், இவ்வளவு நீளக் கடிதத்தில் இனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. என்ன பேர் வைத்தீர்கள்?