இரண்டாம் சுற்றில் இறுகும் சிலிண்டர்: ஆப்பை அடிப்பதற்கு முன்

கேள்வி: கோல்ட் 1860 ஆர்மி வடிவத்தில் செய்த .44 நகல் கருமருந்து ரிவால்வர் வைத்திருக்கிறேன். முதல் ஆறு குண்டுகளுக்குச் சிலிண்டர் (ஆறு குண்டறைகள் கொண்ட சுழலும் உருளை) நன்றாகச் சுழல்கிறது, அதன்பின் இறுகிவிடுகிறது. குழலைப் பிடிக்கும் ஆப்பை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: ஆப்பை விடுங்கள், முதலில் சிலிண்டர் சுழலும் நடு அச்சைப் பாருங்கள். இந்த வகையில் சிலிண்டருக்கு மேலே இரும்புப் பாலம் கிடையாது. குழலைச் சட்டத்தோடு சேர்ப்பவை நடு அச்சும் ஆப்பும் கீழே உள்ள இரண்டு சிறு முளைகளும்தான். அச்சின் நுனி குழலடியில் (குழலின் பின்கீழ்ப் பகுதியில்) உள்ள துளையின் அடியைத் தொட்டு நிற்க வேண்டும். பல நகல்களில் அச்சு சற்றுக் குட்டையாக இருப்பதால் தொடுவதில்லை. அப்போது ஆப்பை அடிக்க அடிக்கக் குழலின் மேற்பகுதி பின்னால் சாய்ந்து சிலிண்டரை நெருக்கும். சுட்டபின் படியும் கசடுக்கு இடமே இருக்காது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் குறி மாறுவதும் இதனால்தான்.

சோதனை எளிது. அறைகளில் மருந்தும், அவற்றின் பின்னால் உள்ள நிப்பிள்கள் எனும் சிறு துளைக்குழாய்களில் கேப்பும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆப்பு, குழல், சிலிண்டர் மூன்றையும் கழற்றுங்கள். குழலை மட்டும் பக்கவாட்டில் திருப்பிய நிலையில் அச்சில் முட்டும்வரை தள்ளுங்கள். குழலடியின் பின்முகம் சட்டத்தின் முன்முகத்தைத் தாண்டிப் போனால், தாண்டிய அளவே அச்சின் குறை. துளையின் அடியில் அந்த அளவை விடச் சற்றுத் தடித்த எஃகு வட்டைப் போட்டு, இரண்டு முகங்களும் சரியாகச் சந்திக்கும்வரை வட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக அரத்தால் தேயுங்கள். அவசரப்பட்டால் வேறு வட்டு வெட்ட வேண்டிவரும். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சிலிண்டரைப் பின்னால் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். 0.08 முதல் 0.15 மி.மீ. வரை நல்லது. இனி ஆப்புக்குக் கட்டைவிரல் அழுத்தமும் பிளாஸ்டிக் சுத்தியின் மெல்லிய தட்டும் போதும்.

அச்சில் உள்ள பள்ளங்களில் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த மசகை நிரப்புங்கள். பெட்ரோலிய எண்ணெய் கசடோடு சேர்ந்தால் தார் போல ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஆறு குண்டுக்கும் பிறகு சிலிண்டரின் முன்முகத்தை ஈரத்துணியால் துடைப்பதும் உதவும்.

வெடித்த கேப்பின் துண்டு, கேப்பை அடிக்கும் துப்பாக்கியின் சுத்தியலுக்கு அடியில் விழுந்தாலும் இயக்கம் தடைப்படும். கேப் நிப்பிளில் தொளதொளவென்று இருந்தால் அளவை மாற்றுங்கள். கிள்ளி நெளித்துப் போட வேண்டாம். நிப்பிளின் துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் ஆறையும் மாற்றுங்கள். இழுப்பு இலகுவாக வேண்டுமென்று சுத்தியலை இயக்கும் முதன்மை ஸ்பிரிங்கைத் தேய்ப்பது தவறு. வலுவிழந்த ஸ்பிரிங்கில் சுத்தியலை நிப்பிள் வழியே வரும் வாயு பின்னுக்குத் தள்ளும், கேப்பும் சிதறும்.

சுட்ட அன்றே சுத்தம் செய்தாக வேண்டும். கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஓரிரவிலேயே துரு தொடங்கிவிடலாம். மரப்பிடியையும் நிப்பிள்களையும் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் தேய்த்து, மிகச் சூடான நீரில் அலசுங்கள். சூட்டிலேயே நீர் பெரும்பாலும் உலர்ந்துவிடும். மீதியைத் துடைத்து, இளஞ்சூடு இருக்கும்போதே மெல்லிய எண்ணெய் பூசுங்கள். நிப்பிளின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை சிக்காது. மறுபடி மருந்திடுமுன் அறைகளில் உள்ள எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள்.

புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் இடக்கூடாது; சிலிண்டர் வெடித்துவிடும். அரைச்சேவலில் (பாதி இழுத்து நிறுத்தும் நிலையில்) நிறுத்திய சுத்தியல் கட்டைவிரலால் அழுத்தும்போது நழுவினால், சுடாமல் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தியலில் உள்ள அரைச்சேவல் பள்ளத்தை அரத்தால் நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.