3 இலட்சம் ரூபாவும் ஒரு திரையும்

கேள்வி: யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் 3 இலட்சம் ரூபா தர முன்வந்திருக்கிறார்கள். ஸ்மார்ட் போர்ட் வாங்கலாம் என்கிறார் அதிபர். இங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோகும். என்ன செய்யலாம்?

பதில்: ஸ்மார்ட் போர்ட் வேண்டாம், ரீச்சர். நாடா வெட்டும் நாளில் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பணம் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். பிறகு ஓர் அறையில் பூட்டுப்போட்டுக் கிடக்கும். மல்டிமீடியா புரொஜெக்டரும் உங்களுக்கு உதவாது. அரைச்சுவர் வகுப்பறைக்குள் பத்து மணி வெளிச்சம் நேரே வந்து விழும்போது மலிவான கருவியின் படம் வெளிறிப்போகும்.

55 அங்குல ரி.வி. ஒன்றை வாங்கிச் சில்லுப் பூட்டிய இரும்புத் தாங்கியில் ஏற்றுங்கள். சில்லுகள் பெரிதாக, இறப்பரில் இருக்கட்டும். விறாந்தையின் மேடுபள்ளத்தைச் சிறிய சில்லுகள் தாங்கா. அந்தத் திரையின் உயரம் ஏறக்குறைய 68 சென்ரிமீற்றர். அதைப்போல் ஆறு மடங்கு தூரம், அதாவது 4 மீற்றர் வரை, சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரியும். பின்வரிசை அதற்கும் அப்பால் என்றால் எழுத்தைப் பெரிதாக்கத்தான் வேண்டும். அலுவலகத்தில் மடிகணினி இருந்தால் அதுவே போதும்.

அடுத்து, பலர் நினைத்தும் பாராத ஒரு பொருள்: வெப்கேம். ஆய்வுகூடத்தில் குடுவை பிடிக்கும் தாங்கி இருக்குமே, அதில் வெப்கேமைக் கீழ்நோக்கிப் பூட்டி மடிகணினியில் இணையுங்கள். செவ்வரத்தம் பூவொன்றை நெடுக்காகப் பிளந்து அதன் கீழே வையுங்கள். சூலகத்துக்குள் வரிசையாக ஒட்டியிருக்கும் சூல்வித்துகள் திரையில் புளியங்கொட்டை அளவில் தெரியும். முப்பது பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி முண்டியடிக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் கொப்பியை அதே இடத்தில் வைத்தால், கணக்கு எந்த வரியில் பிசகியது என்பதை வகுப்பே சேர்ந்து தேடலாம். என்னைக் கேட்டால், ஸ்மார்ட் போர்ட்டைவிட இது பயனுள்ளது.

இணையத்தைப் பாடவேளையில் நம்ப வேண்டாம். சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் தரவிறக்கி வையுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ (PhET) செயற்பாடுகளை, அதாவது கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் பரிசோதனைகளை, ஒவ்வொன்றாகச் சேமித்து இணையமின்றியே இயக்கலாம். சில தமிழிலும் உண்டு. முதலில் மின்சுற்று அலகுக்கு அதைப் பயன்படுத்துங்கள்: மின்குமிழ், கம்பி, பற்றரி எல்லாவற்றையும் பிள்ளைகளே திரையில் இணைத்துப் பார்க்கலாம், உண்மையில் எதுவும் எரிந்துபோகாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளப் பாடங்களும் இலவசம்.

தீவகத்து உப்புக்காற்றை மறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் ரி.வி.யைத் துணியுறையால் மூடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடமென்றால் அதற்கான பாதுகாப்புக் கருவி இல்லாமல் இணைக்கவே வேண்டாம். நன்கொடைப் பொருட்களைப் பொருட்பதிவேட்டில் அன்றே பதிந்துவிடுங்கள்.

மிஞ்சும் பணத்தில் இன்னொரு கருவி வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். முதலில் பழுதாவது கேபிளும் வெப்கேமும்தான். அவற்றை மாற்ற அந்தப் பணம் பாடசாலைக் கணக்கில் இருக்கட்டும்.