ஒன்பதில் நின்ற ரோல்

அன்புள்ள ஐயா,

போன மாதம் காரைக்குடி வீட்டுப் பரணை ஒழித்தபோது அப்பாவின் தகரப் பெட்டியில் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா கிடைத்தது. கூடவே ‘இந்து’ என்று அச்சிட்ட காலி ஃபிலிம் அட்டைப்பெட்டி. கேமராவின் பின்னால் இருக்கும் சின்ன சிவப்புக் கண்ணாடியில் 9 என்ற எண் தெரிகிறது. உள்ளே ரோல் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா போய் பதினொரு வருடம் ஆகிறது. அவர் இந்தக் கேமராவைத் தொட்டு எனக்கு நினைவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டார் என்று அம்மா சொல்கிறார்.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். “திறந்து பார்த்துவிடலாம் தம்பி, இதெல்லாம் எப்பவோ செத்திருக்கும்” என்றார். மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சமிருக்கும் படங்களை நான் எடுக்கலாமா? இந்த ரோலை நானே வீட்டில் கழுவ (டெவலப் செய்ய) முடியுமா? நண்பர்கள் வேறு, “மொபைலில் ஒரு ஃபில்டர் போட்டால் இதே படம் வரும், இதற்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று கேலி செய்கிறார்கள். அதற்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

கடையில் திறக்கவிடாமல் வாங்கி வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. இனி அந்தப் பின்மூடியை வெளிச்சத்தில் யாரும் திறக்கக் கூடாது. சிவப்புக் கண்ணாடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அந்தச் சன்னல், சிவப்பு வெளிச்சத்தை உணராத ஃபிலிம்கள் இருந்த காலத்து ஏற்பாடு. பிறகு வந்த ஃபிலிம்கள் சிவப்பையும் பார்க்கும். ஃபிலிமின் முதுகில் சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதம்தான் காப்பாற்றுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மிச்சப் படங்களை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் என்பதில்லை, எடுத்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கேமராவில் போடுவது 120 என்ற ரக ரோல். அதைப் பின்னோக்கிச் சுற்றி எடுக்க முடியாது. ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொரு ஸ்பூலுக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்தால்தான் வெளியே வரும். கிளிக் 3-இல் ஒரு ரோலுக்குச் சதுரமாக 12 படம். எப்படியும் 12-ஐத் தாண்டிச் சுற்றத்தான் போகிறீர்கள். வெறுமனே சுற்றினால் அந்த இடமெல்லாம் வீண். படம் எடுத்துவிட்டுச் சுற்றினால் அதுதான் உங்கள் சோதனைத் துண்டு. கடைசியில் எடுத்த படம் சுருளின் மேல் சுற்றில் இருக்கும். அப்பாவின் படங்கள் உள்சுற்றில் பத்திரமாக இருக்கும். இருட்டில் நுனியைக் கொஞ்சம் வெட்டி முதலில் அதைக் கழுவிப் பார்க்கலாம். பழைய ரோலைக் கழுவுபவர்களுக்கு இதைவிட நல்ல வசதி கிடைக்காது. உங்கள் அப்பா ஒன்பதில் நிறுத்தியது உங்களுக்கு யோகம்தான்.

ஒன்பதைத் தொடாதீர்கள். படம் எடுத்தவுடன் சுற்றிவைக்கிற ஆட்கள் உண்டு, அடுத்த படத்துக்கு முன்னால் சுற்றுகிற ஆட்களும் உண்டு. அப்பா எந்த ரகம் என்று நமக்குத் தெரியாது. ஒன்பதில் படம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிழலான இடத்தில் டேப்பை நீக்கிவிட்டு நேராகப் பத்துக்குச் சுற்றுங்கள். மெதுவாக. இத்தனை வருடம் ஒரே வளைவில் இறுகிக் கிடந்த ஃபிலிம் அது, காகிதத்தோடு ஒட்டியும் இருக்கலாம்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றிலும் ஒரே படத்தை எடுங்கள். வீட்டு முகப்பு, வாசல் தூண் என்று அசையாத ஏதாவது ஒன்று. காலை வெயில் நேராக விழ வேண்டும். நீங்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, நொடியில் முப்பதில் ஒரு பங்கை ஒட்டியது. கை ஆடினால் படமும் ஆடும், எதிலாவது சாய்த்துப் பிடியுங்கள். வெயிலாக இருந்தாலும் கேமராவில் வெளிச்சத்துக்கான குறியை மேகப் படத்துக்குத் திருப்பி வையுங்கள். பழைய ஃபிலிம் தன் வேகத்தில், அதாவது வெளிச்சத்தை உணரும் திறனில், பெரும்பங்கை இழந்திருக்கும், அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும்.

இந்து ரோல் என்றதும் எனக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சி. அதைத் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்டு, ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ஊட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் குளிர், தூசி இல்லாத காற்று. ஃபிலிமுக்கு இரண்டும் வேண்டும். அங்கே பிறந்த ரோல் காரைக்குடிப் பரணில் ஓட்டுக்கு அடியில் எத்தனை கோடையைப் பார்த்திருக்கும்! வெப்பம் ஃபிலிமை மூட்டம் போட வைக்கும். வெளிச்சம் படாத இடமும் சாம்பல் நிறமாகக் கழுவி வரும், படம் அந்தச் சாம்பலுக்குள் மங்கலாக நிற்கும். இதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. கடைக்காரர் சொன்ன மாதிரி எளிதில் சாகாது.

இனிக் கழுவுவது. டெவலப் செய்வதை நம் ஊர் ஸ்டுடியோக்களில் கழுவுவது என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், முக்கால்வாசி வேலை தண்ணீரோடுதான். நம் ஊர்த் தொல்லையும் தண்ணீரில்தான்.

கறுப்பு வெள்ளைக்குக் கழுவும் நேர அட்டவணை பெரும்பாலும் 20 டிகிரியில் தொடங்கும். மே மாதம் என் வீட்டு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குளிக்கவே சுடும். ஃபிலிமில் பூசியிருப்பது ஜெலட்டின். சூடான தண்ணீரில் ஊறி உப்பும், விரல் பட்டால் வழுக்கிக்கொண்டு வரும். பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போவில் (டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) படிகாரம் சேர்த்தது இதற்குத்தான், அது ஜெலட்டினை இறுக்கும். சவரத்துக்குப் பிறகு முகத்தில் தடவுகிற அதே படிகாரம். (வேடிக்கை என்னவென்றால் கலர் நெகட்டிவுக்கான சி-41 முறைக்கு 37.8 டிகிரி வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் வைத்துப் பாடுபடுகிற அந்தச் சூடு நமக்குக் குழாயிலேயே ஏறக்குறைய வந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைக்குத்தான் நாம் ஐஸ் தேடி ஓட வேண்டியிருக்கிறது.)

நான் செய்வது இவ்வளவுதான். முதல்நாள் இரவே எல்லாக் கரைசலையும் பாட்டில்களில் ஊற்றி வைப்பேன். கழுவுகிற நேரத்தில் ஒரு பெரிய வாளியில் தண்ணீர், அதில் கெட்டியாக மூடிய பிளாஸ்டிக் பையில் ஐஸ், அதற்குள் பாட்டில்கள். தெர்மாமீட்டர் 20-ஐக் காட்டும்வரை காத்திருப்பேன். 24 வரை பரவாயில்லை, நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உதாரணமாக இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமுக்கு, டி-76 என்ற டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம். 24-இல் அது ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கினால் படம் திட்டுத் திட்டாகக் கழுவும். முக்கியமான ஒன்று, டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் பிடிக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் ஜெலட்டின் உப்பிச் சுருக்கம் விழுந்து வறண்ட குளத்துத் தரை மாதிரி வெடித்துவிடும். கடைசிக் கழுவல்வரை எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஐஸ் போட்டு ஆறவைத்த தண்ணீரைக் குழாய் மாதிரி திறந்துவிட முடியாது, அதனால் டாங்கை (ஃபிலிமை வைத்துக் கழுவுகிற, வெளிச்சம் புகாத டப்பா) நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது. போதும். ஆனால் ஹைப்போவில் படிகாரம் சேர்த்திருந்தால் இது போதாது, இன்னும் நிறைய நேரம் கழுவ வேண்டும். கடைசி முக்குக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்புத்திட்டு அப்படியே காய்ந்து நிற்கும். பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரித் தண்ணீர் போதும்.

அப்புறம் வியர்வை. டாங்குக்குள் போகிற ரீலில் ஃபிலிமை ஏற்ற ராத்திரி குளியலறையில் கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு உட்காருவீர்கள். பத்து நிமிடத்தில் கை நனைந்துவிடும். பிளாஸ்டிக் ரீல் துளி ஈரத்தையும் தாங்காது, ஃபிலிம் பாதியில் மாட்டிக்கொள்ளும். கையை அடிக்கடி துடையுங்கள். கோபம் வந்தால் ஃபிலிமை வெளிச்சம் புகாத பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.

இதையெல்லாம் அப்பாவின் ரோலில் பழகாதீர்கள். யாரிடமாவது ஒரு 35 எம்.எம். கேமரா இரவல் வாங்கி, புது ரோல் இரண்டைக் கழுவிக் கெடுத்து, மூன்றாவது ஒழுங்காக வந்த பிறகு இதைத் தொடுங்கள். நான் கழுவத் தொடங்கிய புதிதில் இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்ததால் டெவலப்பருக்குப் பதிலாக ஹைப்போவை முதலில் ஊற்றினேன். ஃபிலிம் கண்ணாடி மாதிரி வெளியே வந்தது, ஓரத்து எண்கள்கூட இல்லை. அது என் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்த ரோல். அடுத்த தடவை எடுக்கலாம் என்று பாட்டியும் சொன்னார், நானும் சொன்னேன். எடுக்கவில்லை. இன்றுவரை என் ஹைப்போ பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்ட் இருக்கும், இருட்டில் தடவினாலும் தெரிய வேண்டும் என்று.

சோதனைத் துண்டுக்கு எட்டு சென்டிமீட்டரில் ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முழு இருட்டில் சுருளைப் பிரித்தால் முதலில் வெறும் காகிதம் வரும், பிறகு ஃபிலிமின் நுனி. அட்டையை வைத்து அந்த அளவுக்கு ஃபிலிமை வெட்டிவிட்டு, மிச்சத்தை மறுபடி காகிதத்தோடு இறுக்கிச் சுற்றி வெளிச்சம் புகாத டப்பாவில் போடுங்கள். டி-76 என்றால் 20 டிகிரியில் எட்டு நிமிடத்தில் தொடங்குங்கள். வாசல் தூண் தெரிகிறதா பாருங்கள். அடி முழுக்கக் கறுத்துப் படம் புதைந்திருந்தால், மூட்டத்தை அடக்கும் பென்சோட்ரையசோலைத் துளி சேர்த்து இன்னொரு எட்டு சென்டிமீட்டர். பழைய ரோல்களையே தேடிக் கழுவுபவர்கள் பலர் இதற்கு ஹெச்.சி-110 டெவலப்பரை விரும்புகிறார்கள், அதில் மூட்டம் குறைவு. கிடைத்தால் இரண்டாவது துண்டுக்கு அதையே போடுங்கள். இரண்டு வெட்டுக்கு மேல் போகாதீர்கள். பத்தாவது படம் அப்பாவின் படங்களுக்குக் காவல்.

நண்பர்களின் கேலிக்கு வருவோம். அவர்கள் சொல்வது சரிதான். அந்தத் தோற்றம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஃபில்டர் போதும், காசும் மிச்சம். பன்னிரண்டே படம் என்பதால் மனம் ஒருமைப்படும், தியானம் மாதிரி என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கு யாரும் தியானத்துக்காகப் படத்தை எண்ணி எடுக்கவில்லை, ரோல் விலைக்காக எடுத்தார்கள். 1857 கடைசியில் கிளம்பி 1858 முழுக்கோடை வரும்வரை, சென்னை மாகாண அரசின் படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு அலைந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அடுத்த வருடமே சென்னை மாகாண ஆளுநர் ட்ரெவெல்யன் செலவு தாங்காது என்று வேலையை நிறுத்திவிட்டார். காசுக் கணக்கு அப்போதே கூட வந்துவிட்டது.

நீங்களே கழுவாமல், எடுத்து யாரிடமாவது கொடுத்து ஸ்கேன் வாங்கி மொபைலில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நண்பர்கள் பக்கம்தான் நான். கழுவினால் கதை வேறு. ஆனால் அதை அவர்களிடம் பேச்சில் நிரூபிக்க முடியாது, ஈர நெகட்டிவை டாங்கிலிருந்து இழுக்கும்போது பக்கத்தில் நிற்க வையுங்கள். எப்படியும் உங்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அப்பா எடுத்த அந்தப் படங்களுக்கு எந்த ஃபில்டரும் கிடையாது.

கேமராவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். லென்சில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அதுதான். பரணுக்குத் திருப்பி அனுப்பாமல் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இன்னொன்று. ரோலை வெளியே எடுத்த பிறகு கேமராவுக்குள் ஒரு காலி ஸ்பூல் மிஞ்சும். குப்பை என்று போட்டுவிடாதீர்கள். அதைச் சுற்றுகிற பக்கம் மாற்றி வைத்தால்தான் அடுத்த ரோலைப் போட முடியும்.