மண்ணெண்ணெய் ஊற்றியும் கரையான் திரும்பி வருவது ஏன்?

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடையது 18 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தரைத்தள வீடு. சென்ற ஐப்பசி மழையின்போது குளியலறையில் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான், கிளம்பியது. சில வாரங்களில் அந்தக் குளியலறைக் கதவு நிலையின் அடியிலிருந்து விரல் அகலத்துக்கு மண் ஏறியிருப்பதைப் பார்த்து, அதைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். நிலையில் நின்றுபோன கரையான், இரண்டு மாதம் கழித்துச் சமையலறை அலமாரியின் பின்பலகையில் வந்துவிட்டது. மருந்து அடிக்க வந்த ஒருவர், வீடு முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்துப் பத்தாண்டு உத்தரவாதமும் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் தரையோரம் முழுக்கத் துளை போட வேண்டும் என்கிறார். கொல்லையில், சுவரிலிருந்து 15 அடி தூரத்தில், குடிநீர்க் கிணறு ஒன்றும் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்பதே அவருடைய கேள்வி.

துளை போட வேண்டும் என்றவர் சொல்வதே சரி. ஆனால் அவரையும் உடனே வேலை தொடங்கச் சொல்லாதீர்கள். முதலில் வீட்டை முழுவதுமாகப் பார்வையிட வேண்டும்.

நம் கண்ணில் படுவது அரிபட்ட மரம். கரையானின் குடியிருப்போ மண்ணுக்குள் இருக்கிறது. நம் ஊர் வீடுகளைப் பெரிதும் அரிப்பவை நிலத்தடிக் கரையான்கள். அவற்றின் தோல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உடல் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் எச்சிலில் மண்ணைக் குழைத்துக் கூரையிட்ட பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே மரத்துக்கும் மண்ணுக்குமாகப் போய்வருகின்றன. தரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் விரிசல் இருந்தாலே அவற்றுக்குப் போதும். நீங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய் தன் மேல் பட்டவற்றைக் கொன்றது. மற்றவை அந்த வாடையைத் தவிர்த்து, வழியை அடைத்துவிட்டு, சமையலறைப் பக்கத்து விரிசல் வழியாக ஏறிவிட்டன. கழிவு ஆயில் பூசுவதும், கொசுவுக்கு அடிக்கும் மருந்தை மண் தடத்தின் மேல் அடிப்பதும் இதே விளைவைத்தான் தரும். புற்றில் இருக்கும் ராணி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடக் கூடியது. வெளியே வந்த நூறு இருநூறு வேலைக்காரக் கரையான்கள் சாவது அந்தக் குடியிருப்புக்கு ஓர் இழப்பே அல்ல.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், வந்திருப்பது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். செல்லரித்தல், உளுத்துப்போதல் என்று இரண்டு சொற்களை நம் முன்னோர் தனித்தனியே வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. செல்லரித்த மரத்தைப் பிளந்தால் உள்ளே மண் அப்பியிருக்கும்; மேலே வண்ணப்பூச்சு மட்டும் காகிதம்போல நிற்கும். உளுத்த மரத்தில் சிறு வட்டத் துளைகளும், அவற்றிலிருந்து உதிர்ந்த, மாவு போன்ற தூளும் இருக்கும். அது வண்டின் வேலை. மூன்றாவது வகை, மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். நாற்காலிக்கோ கட்டிலுக்கோ அடியில் கசகசாவைக் கொட்டியது போன்ற எச்சம் கிடந்தால், அதன் ஒவ்வொரு மணியிலும் ஆறு பட்டைகள் தெரிந்தால், அது இந்த வகைதான். பின்னிரண்டுக்கும் தரையில் மருந்து செலுத்துவது வீண் செலவு. மருந்து அந்த மரத்துக்கே போக வேண்டும். உங்கள் கடிதத்தில் மண் தடமும் ஈசலும் சொல்லப்பட்டிருப்பதால் இது நிலத்தடிக் கரையான் என்றே கொள்ளலாம். ஆனால் குளியலறையில் கண்டது ஈசல்தானா, இறக்கை முளைத்த எறும்பா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு வளையாது; எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். வெளியிலிருந்து விளக்கொளிக்கு வரும் ஈசலால் கவலையில்லை. தரை விரிசலிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ கிளம்பினால்தான் குடியிருப்பு கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது என்று பொருள்.

இனிப் பார்வையிடும் முறை. பகலிலும் கையில் ஒரு டார்ச் வேண்டும். ஒளியைச் சுவரோரமாகச் சாய்த்து அடித்தால் நேராகப் பார்க்கும்போது தெரியாத மெல்லிய மண் கோடும் நிழல் விழுந்து தெரியும். திருப்புளியின் கைப்பிடியால் நிலைகளைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். உறுதியான மரத்தில் கேட்கும் ஓசை அரிபட்ட இடத்தில் மழுங்கிப் பொள்ளலாக மாறும். தரையிலிருந்து முதல் இரண்டு அடி உயரம்தான் முக்கியம். சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். படிக்கட்டின் அடியில் அடுக்கியுள்ள அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் ஸ்விட்ச் போர்டு: சுவருக்குள் செல்லும் வயர் குழாய், தரையிலிருந்து கரையானுக்குக் கிடைத்த நேர்வழி. நிலை சேதமே இல்லாத வீடுகளில் போர்டைக் கழற்றியபோது உள்ளே கைப்பிடி மண் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மெயினை நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே அதைத் திறக்க வேண்டும்.

மண் தடங்களைக் கண்டவுடன் துடைத்துவிடாதீர்கள்; மருந்து போட வருபவருக்கு அவைதான் வரைபடம். ஒவ்வொரு தடத்திலும் நடுவே ஒரு சாண் மட்டும் உடைத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடத்தில் ஈரமண் கொண்டு ஒட்டுப்போட்டிருந்தால் அந்த வழி நடமாட்டத்தில் இருக்கிறது. அப்படியே கிடந்தால் கைவிடப்பட்ட வழியாக இருக்கலாம். அப்போதும் சுற்றுப்புறத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

சிகிச்சைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 6313 என்ற தரநிலை வழிகாட்டுகிறது. அதன் மூன்றாம் பகுதி ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கானது. சுவரும் தரையும் சேரும் விளிம்பில் சுமார் 30 செ.மீ.க்கு ஒன்றாக, 12 மி.மீ. அகலத் துளைகள் இட்டு, அடியிலுள்ள மண் வரை இறக்கி, துளை ஒன்றுக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கலவையை அழுத்தத்தில் செலுத்திவிட்டு, துளைகளைச் சிமென்டால் அடைப்பதே அதன் சாரம். வீட்டுக்கு வெளியே அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணும் மருந்தேற வேண்டும். நிலைகளும் அலமாரிகளும் சுவரைத் தொடும் இடங்களில் மரத்திலேயே சிறு துளைகளைச் சாய்வாக இட்டு மருந்து விட வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: பத்துக்குப் பத்து அறையின் சுற்றளவு 40 அடி, அடிக்கு ஒரு துளை என்றால், வாசல் போக, ஓர் அறைக்கே ஏறத்தாழ 37 துளையும் அதே அளவு லிட்டரும் ஆகும். முதுகில் ஒரு ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அரை மணியில் முழு வீட்டையும் முடிப்பதாகச் சொல்பவர் சுவரை நனைத்துவிட்டுப் போவார். மண்ணுக்கு மருந்து போய்ச் சேராது.

மருந்தில் இரண்டு போக்கு உண்டு. பைஃபென்த்ரின் போன்றவை கரையானை நெருங்கவிடாமல் விலக்குபவை. எங்காவது ஓர் இடைவெளி விட்டுப்போனால் அதன் வழியே நுழைந்துவிடும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் இரண்டையும் கரையானால் உணர முடியாது. அந்த மண்ணில் புழங்கி, ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் மற்றவற்றுக்கும் கடத்தும். கட்டி முடித்த வீட்டில் எல்லா விரிசலையும் எட்ட முடியாது என்பதால் நான் பின்னதையே பரிந்துரைக்கிறேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மறுநாளே ஒன்றிரண்டைக் கண்டு பதற வேண்டாம். கட்டடத்துக்கான இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதக் கரைசல். லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. என்பது அதன் அளவு. உரக்கடையில் பயிருக்கு விற்கும் 17.8 சதவீத மருந்து வேறு. புட்டியை உங்கள் கண் முன்னால் திறந்து கலக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அவர் பெற்றுள்ள உரிமத்தையும் பாருங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைவிட, மீண்டும் வந்தால் எந்தப் பகுதிக்கு, எத்தனை நாளில், கட்டணமின்றி மருந்து போடுவார் என்பது எழுத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது அந்தக் கிணறுதான். காவிரிப் படுகையில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். 15 அடி தூரத்தில் குடிநீர்க் கிணறு இருக்கும்போது, கொல்லைப்புற வெளிச்சுவரின் மண்ணில் மருந்து செலுத்த நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். அந்தப் பக்கத்தில் விரிசல்களைச் சிமென்டால் அடைப்பது, மரத்துக்கு மட்டும் மருந்து ஏற்றுவது, சுவரோரத்தை மாதம் ஒருமுறை பார்ப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சம்ப் தொட்டி வீட்டுக்குள் இருந்தால் அதன் ஓரத்துக்கும் இதே விதி. மற்ற பக்கங்களின் வேலையையும் மண் ஈரமிறங்கிய மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது. அன்று குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். மீன் தொட்டியை அப்புறப்படுத்திவிடுங்கள்.

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஈசலும் மண் தடமும் குளியலறையிலேயே தொடங்கியிருப்பதால், அங்கே தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்கிறேன். டைல்ஸ் இணைப்புகளையும் கழிவுநீர்க் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தையும் பிளம்பரை வைத்துச் சரிபாருங்கள். ஈரம் நிற்காவிட்டால் எந்த மருந்தும் நெடுநாள் தாங்காது. சுவரோரம் சாத்திய தென்னை மட்டை, விறகு, வீடு கட்டியபோது புதைந்துபோன சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் ஆகியவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

அரிபட்ட நிலையை இப்போதே மாற்ற வேண்டாம். மருந்து போட்டு மூன்று மாதம் கழித்து, உடைத்துவைத்த தடங்கள் அப்படியே கிடக்கின்றனவா என்று பார்த்த பின் ஆசாரியை அழையுங்கள். குளியலறைக்கு மறுபடி மரம் வேண்டாம். கருங்கல் நிலையே பொருத்தம். சமையலறை அலமாரிக்குத் தேக்கு வாங்குவதானால் வைரம் பாய்ந்த பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். மரத்தின் வெளிப்புற மென்பகுதியான வெளிறு கலந்திருந்தால் தேக்கானாலும் கரையான் விடாது. புதிய பின்பலகை சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி நிற்கட்டும். அடுத்த ஐப்பசியில் அந்த இடைவெளிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க முடியும்.