பாஞ்சோவின் எடை எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, மண்டபத்தில் வசிக்கும் நான், வேலை நிமித்தமாக மாதம் இரண்டு முறை ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறேன். ஐந்து தந்தி பாஞ்சோ கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பின்புறம் மரக் கிண்ணம் பொருத்திய ரெசொனேட்டர் பாஞ்சோவின் ஒலிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது 5 கிலோ கனக்கும் என்கிறார்கள். தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவுக்கு எடை குறைந்த ஒன்று உண்டா? பயணத்துக்கென்று விற்கப்படும் குட்டைக் கழுத்து பாஞ்சோவை வாங்கிவிடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கனத்துக்கான பழியை மரக் கிண்ணத்தின் மேல் போட்டதுதான் தவறு. பாஞ்சோ என்பது, சுருக்கமாகச் சொன்னால், கழுத்தும் தந்தியும் பொருத்தப்பட்ட ஒரு பறை. சுமார் 11 அங்குல விட்டமுள்ள மர வளையத்தின் மேல் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தந்திகளைத் தாங்கும் சிறு மரக்கட்டையான குதிரை அந்தத் தோலின் மேல்தான் நிற்கும். விலை உயர்ந்த கருவிகளில் மர வளையத்துக்கும் தோலுக்கும் இடையே வெண்கலத்தில் வார்த்த கனத்த வளையம் ஒன்று உட்காருகிறது. அதை டோன் ரிங் என்பார்கள். அது மட்டுமே ஏறக்குறைய 1.4 கிலோ இருக்கும். ஒலிக்குக் கூர்மையையும், மீட்டிய பின் ஒலி நீண்டு நிற்கும் கார்வையையும் தருவது அதுதான். தோள்பட்டையை நோகச் செய்வதும் அதுதான்.

பின்புறக் கிண்ணத்தின் வேலை வேறு. பின்னோக்கிச் சென்று வாசிப்பவரின் வயிற்றில் அமுங்கிப் போகும் ஒலியை அது கேட்பவரை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. வீணையின் குடத்தோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. எனக்கு அது முழுப் பொருத்தமாகத் தோன்றவில்லை. குடம் வீணையின் உடலேயாகும், பாஞ்சோவின் கிண்ணமோ திருகாணிகளில் நிற்கும் ஒரு துணை உறுப்பு. பெரும்பாலான கருவிகளில் நான்கு திருகாணிகளை விரலாலேயே கழற்றிக் கிண்ணத்தைத் தனியே எடுத்துவிடலாம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, டோன் ரிங் இல்லாத, மேப்பிள் மர வளையம் கொண்ட, கிண்ணம் கழற்றக்கூடிய, முழு நீளக் கழுத்துள்ள பாஞ்சோ. இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டீரிங் நிறுவனம் செய்யும் 'குட்டைம் டூ'. மூன்று அடுக்கு மேப்பிள் வளையம் கொண்ட அதன் எடை கிண்ணத்தோடு சேர்த்தே 2.7 கிலோ அளவில்தான் இருக்கும். இறக்குமதி என்பதால் விலை சற்றுக் கடிக்கும். வேறு எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும் இதே அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெண்கல வளையம் இல்லாததால் இழப்பு ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். கார்வை சற்றுக் குறையும். கழுத்துப் பக்கம் கனம் மிகுந்து கருவி கீழ்நோக்கிச் சாயும். முன்னதை முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் காது உணரப் போவதில்லை. பின்னதற்கு, வளையத்தைச் சுற்றியுள்ள கொக்கிகளில் மாட்டும் அகலமான தோள்வாரை முதல் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

குட்டைக் கழுத்து பாஞ்சோவைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். முழுக் கழுத்தில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 26 அங்குலம், மெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) 22. பாடங்கள் எல்லாம் வழக்கமான ஜி சுருதியை வைத்தே எழுதப்பட்டவை. கழுத்து குட்டையானால் தந்தி தளர்ந்து குழையும். அதைத் தவிர்க்கச் சுருதியை ஏற்றினால், பாடத்தோடு சேர்ந்து வாசிக்க இயலாது. மெட்டுகளும் நெருங்கிவிடுவதால், அதில் பழகிய விரல் பெரிய கருவிக்கு வந்ததும் தடுமாறும். இடத்தை மிச்சப்படுத்த, பயணத்தின்போது கிண்ணத்தை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். ஒரு கிலோவுக்கு அருகில் குறையும், பை மெலியும், மேல் படுக்கையில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். தோலுக்கு அடியில் ஒரு கைத்துண்டைச் செருகினால் விடுதி அறையிலும் பக்கத்தாரைத் தொந்தரவு செய்யாமல் பயிலலாம். மதுரையிலிருந்து விமானம் ஏறுவதானால் நிலைமை வேறு: எடை 7 கிலோ வரம்புக்குள் இருந்தாலும், ஏறக்குறைய 97 செ.மீ. நீளம் கைப்பை அளவுக்குள் அடங்காது. முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 'பாஞ்சோ' என்று தேடினால் பொத்தான்கள் உள்ள பெட்டி போன்ற கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, அதில் தொடங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: அது புல்புல் தரங். ஜப்பானில் 1912ஆம் ஆண்டளவில் உருவான தைஷோகோட்டோவின் வழிவந்தது. நம் நாட்டில் அதற்கும் பாஞ்சோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இனிய கருவிதான், ஆனால் ஆப்பிரிக்க மரபிலிருந்து அமெரிக்காவில் வளர்ந்த ஐந்து தந்தி பாஞ்சோவுக்கும் அதற்கும் வாசிப்பு முறையில் உறவே இல்லை. படத்தில் வட்டமான தோலும், கழுத்தின் ஐந்தாவது மெட்டருகே பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தனிப் பிரடையும் (தந்தியை முறுக்கும் திருகும்) இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் சைக்கிள் செயினே துருவேறுகிறது. பாஞ்சோ தாங்குமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தோலைப் பற்றிக் கவலை வேண்டாம். மழைக்காலத்தில் கஞ்சிராவின் தோல் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருகாலத்தில் கன்றுத் தோல் கட்டிய பாஞ்சோவுக்கும் அதே பாடுதான். இப்போது வருபவை பாலியஸ்டர் தோல், ஈரத்துக்கு அசையாதவை. உப்பு தின்பது உலோகத்தை. எஃகுத் தந்திகள் முதலில் போகும், பிறகு கொக்கிகளின் நிக்கல் பூச்சில் புள்ளி விழும். வளையம் அலுமினியத்தில் வார்த்த மலிவான கருவிகளை உங்கள் ஊரில் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அலுமினியமும் எஃகுத் திருகும் தொட்டிருக்கும் இடத்தில் உப்பீரம் புகுந்தால், அரிப்பு விரைந்து பற்றித் திருகு அசையாமல் இறுகிவிடும். வாசித்து முடித்ததும் தந்திகளையும் கொக்கிகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், கருவியைச் சுவரில் மாட்டாமல் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு உறைக்குள் வையுங்கள், மாற்றுத் தந்திக் கட்டு ஒன்றைப் பிரிக்காமல் கையிருப்பில் வைத்திருங்கள். தந்தி மாற்றும்போது ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது விழுந்துவிட்டால், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியும் அங்கேயே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒன்றாகக் கேட்கும் வரை குதிரையை முன்னும் பின்னும் நகர்த்தி மீண்டும் நிறுத்த வேண்டியிருக்கும்.