தொழில்முறைப் படைவீரர் என்றால் யார்? ஓய்வுக்குப் பின் ஏன் பலர் ஊர்ப்பணியில் இறங்குகிறார்கள்?

படைப்பணியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்தான் தொழில்முறைப் படைவீரர். கட்டாயச் சேவை முடித்து வீடு திரும்புபவர் வேறு.

களப்பணிக்கு இளம் உடல் தேவை. அதனால் ஓய்வும் சீக்கிரமே வந்துவிடும். வழக்கமான முறையில் சேர்ந்த இந்தியச் சிப்பாய்க்கு 15 ஆண்டிலும், அமெரிக்க வீரருக்கு 20 ஆண்டிலும் ஓய்வூதியத் தகுதி கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்திய விளையாட்டு வீரர் பயிற்சியாளர் ஆவதுபோலத்தான். தெம்பு இருக்கிறது, கற்ற வித்தையும் இருக்கிறது. ரத்ததானம், வெள்ள மீட்பு என்றால் முதலில் வந்து நிற்பார்.

அப்புறம் குடும்பம். பிள்ளையின் முதல் நடையைக்கூட தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டவர், விட்டதைப் பிடிக்கப் பார்ப்பது இயல்புதானே!

படையில் இருந்தவர் வீட்டிலும் அதட்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் நல்ல படைத்தலைவர், தன் ஆட்கள் சாப்பிட்ட பிறகே தட்டை எடுப்பவர்.