கூட மருந்து ஏற்றினால் கூடச் சுகம் வருமா? வாசகர் கேள்விகளுக்கு டொக்டர் பதில்

கேள்வி (கோண்டாவிலிலிருந்து ஒரு மகள்): அப்பாவுக்கு 56 வயது. கழுத்தில் வந்த கட்டியில் துண்டெடுத்துப் பார்த்ததில் 'டிஃபியூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா' (நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை) என்று ரிப்போர்ட் வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஆர்-சொப் என்ற கீமோ மருந்துக் கூட்டு மூன்று முறை ஏற்றியாயிற்று, கட்டி கையில் தட்டுப்படாத அளவுக்குக் கரைந்துவிட்டது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா, "உது காணாது, இப்பவே இந்தியாவுக்குக் கொண்டுபோய்க் கடும் கீமோ குடுத்து ஸ்டெம் செல் ஏத்துங்கோ, காணியை வித்தாவது செய்யுங்கோ" என்று ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுக்கிறார். என்ன செய்வது டொக்டர்?

பதில்: காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும், பிள்ளை.

பெரியப்பா ஏதோ விசர்க்கதை கதைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 1980களிலும் 90களிலும் புற்றுநோய் வைத்தியர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு பங்கு மருந்துக்கே கட்டி இவ்வளவு கரைகிறதென்றால் பல பங்கு கொடுத்தால் வேரோடு போய்விடாதா? போகலாம்தான், ஆனால் அவ்வளவு மருந்து என்புமச்சையையும் சேர்த்துக் கருக்கிவிடும், பிறகு உடம்பில் குருதி ஊறாது. அதற்காக நோயாளியின் ஸ்டெம் செல்களை, அதாவது குருதியை உண்டாக்கும் மூலச் செல்களை, முன்கூட்டியே எடுத்து உறையவைத்து, மருந்து முடிந்ததும் திரும்ப ஏற்றினார்கள். யோசனை நல்லதுதான். சரி, முதல் வைத்தியமாகவே இதைக் கொடுத்தால் கூடப்பேர் பிழைப்பார்களா என்று பல நாடுகளில் ஆய்வு நடந்தது. அப்படி நடந்த 15 ஆய்வுகளை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை, 2008இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். கடும் மருந்து எடுத்த பக்கத்தில் கட்டி முழுதாக மறைந்தவர்கள் கூடுதல்தான். ஆனால் சில வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வழமையான மருந்திலேயே சுகமாகியிருக்கக்கூடியவர்கள் சும்மா அடி வாங்கியதுதான் மிச்சம்.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ரிட்டுக்சிமாப் வருவதற்கு முந்திய காலத்தவை. ஆர்-சொப்பில் முதலில் வருகிற 'ஆர்' அந்த மருந்துதான். அது சேர்ந்த பிறகு உங்கள் அப்பாவின் வகை லிம்போமாவில் பத்தில் ஆறுபேர் அளவில் இந்த மருந்தோடேயே சுகமாகிவிடுகிறார்கள். அப்பாவுக்கு மூன்றாம் தரத்திலேயே கட்டி தட்டுப்படவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது. ஆறு தரம் சொல்லியிருந்தால் ஆறையும் 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் முடியுங்கள். 'கட்டி போட்டுது, ஏன் இன்னும்' என்று நாலாவதோடு நிற்பாட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இதை வாசித்துவிட்டு வேறு வகை லிம்போமா உள்ளவர்கள் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம். மான்டில் செல், சில டி செல் வகைகள், மூளையிலேயே தொடங்குகிற லிம்போமா, இவற்றில் முதல் சுற்றோடேயே ஸ்டெம் செல்லுக்குப் போகிற சந்தர்ப்பம் உண்டு. பெயர் முழுதாக என்னவென்று ரிப்போர்ட்டில் வடிவாகப் பாருங்கள். பெரியப்பாவுக்குக் காசு அனுப்பத்தான் மனமென்றால் கிளினிக் நாளில் வான் பிடிக்க அனுப்பச் சொல்லுங்கள், மருந்தேற்றிய உடம்போடு பஸ்ஸில் நெரிபடத் தேவையில்லை.

கேள்வி (பருத்தித்துறையிலிருந்து ஒரு தம்பி): என் அக்காவுக்கு 41 வயது. அவருக்கும் இதே பி செல் வகைதான். சுகமாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. கொழும்புக்குப் போய்க் கடும் கீமோவும் ஸ்டெம் செல்லும் எடுக்கச் சொல்கிறார்கள். அக்கா பி பொசிட்டிவ், நான் ஓ பொசிட்டிவ். நான் கொடுக்கலாமா? முள்ளந்தண்டில் ஊசி குத்துவார்களாமே?

பதில்: கோண்டாவில் பிள்ளைக்கு வேண்டாம் என்றதை உங்கள் அக்காவுக்குச் செய்யுங்கள் என்கிறேன். முரணாகத் தெரியும். ஆனால் இந்த வைத்தியத்தின் இடமே இதுதான், நோய் திரும்பி வந்து, இரண்டாம் சுற்று மருந்துக்கு மசிந்து கொடுக்கும்போது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 109 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரண கீமோவையே தொடர்ந்தவர்களில் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 32 பேர் அளவில் உயிரோடு இருந்தார்கள், ஸ்டெம் செல் பக்கத்தில் 53. (ஒரு வருடத்துக்குள்ளேயே திரும்பியிருந்தால் கதை வேறு. பணக்கார நாடுகளில் இப்போது அவர்களுக்கு, அவர்களுடைய நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி என்ற வைத்தியத்தை முதலில் பார்க்கிறார்கள்.) மசிந்து கொடுப்பது முக்கியம். முதலில் இரண்டு மூன்று தரம் வேறு மருந்து ஏற்றி ஸ்கான் எடுப்பார்கள், கட்டி அசையவில்லை என்றால் மேலே போகமாட்டார்கள். அது கைவிடுவதில்லை, பலனில்லாத அடியைத் தவிர்ப்பது.

நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை தம்பி. இதில் அக்காவின் செல்களையே அக்காவுக்கு ஏற்றுவார்கள். முள்ளந்தண்டுக் கதையை விடுங்கள். சில நாள் தோலுக்குக் கீழே ஊசி போட்டு, எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களைக் குருதிக்கு வரவைப்பார்கள், அந்த நாட்களில் இடுப்பெலும்பு உளையும். பிறகு டயலிசிஸ் மாதிரி ஒரு மெஷினில் சில மணித்தியாலம் இருந்தால் அது தேவையானதைப் பிரித்தெடுக்கும். அப்புறம் பீம் என்கிற நாலு மருந்துக் கூட்டு, ஆறு நாள். கடைசியில் செல்களை உருக்கிக் குருதி ஏற்றுவது போல ஏற்றுவார்கள், அப்போது அறை முழுக்க உள்ளி மணக்கும், உறையவைக்கச் சேர்த்த பதார்த்தத்தின் மணம் அது. நோயைக் கொல்வது கீமோ, செல்கள் ஆளைக் காப்பாற்றுவதற்கு. அவை வேர்பிடித்து வெள்ளணு ஏற பத்திலிருந்து பதினாலு நாள் மட்டில் எடுக்கும். அந்த இரண்டு கிழமைதான் பொல்லாதது. வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்கவே நோகும், வயிற்றோட்டம், காய்ச்சல். நூற்றில் ஒருசிலர் இந்தக் கட்டத்தில் தவறிவிடுவதும் உண்டு, மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அக்காவிடம் முன்பே கதைக்க வேண்டியது இன்னொன்று, மாதவிடாய் அனேகமாக நின்றுவிடும். பிள்ளை பெறுகிற யோசனை இருந்தால் கீமோ தொடங்க முதல் வைத்தியரிடம் கேட்கவேண்டும். இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், நாங்கள் வெட்கப்படுகிற சனம். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளையும் சில மாதங்களுக்குப் பிறகு திரும்பப் போடவேண்டி வரும்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): கீமோ எடுக்கும் என் மனைவிக்குப் பப்பாசி இலைச்சாறு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளணு இறங்கியிருக்கிற நேரத்தில் பச்சை இலைச் சாற்றோடு கிருமியும் உள்ளே போகும். நன்றாகக் கொதித்த சோறு, கறி, அவித்த முட்டை எதுவும் கொடுங்கள். அந்தக் காசுக்கு ஒரு தேர்மோமீற்றர் வாங்குங்கள். மருந்தேற்றி ஒன்றிரண்டு கிழமைக்குள் 38 பாகை காட்டினால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்கவேண்டாம், நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், 'கீமோ எடுக்கிற ஆள்' என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.